தங்கச் சுரங்கத்தில் அணுத் துகள்கள்

கற்றல் நோக்கங்கள்
• அணுவை ஆக்கும் துகள்களின் பெயர்களையும் இயல்புகளையும் அறிதல்.
• கோலார் தங்கவயலில் நிகழ்ந்த துகள் ஆய்வுகளைத் தெரிந்துகொள்ளுதல்.
• அறிவியல் செய்தியைத் தெளிந்த தமிழில் எடுத்துரைக்கும் திறன் பெறுதல்.

நுழையும்முன்

கோலார் தங்கவயல் என்றதும் நம் நினைவுக்கு வருவது பொன். கர்நாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய இவ்வூரில் 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் குழுமத்தார் பெருமளவில் தங்கம் எடுக்கத் தொடங்கினர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் இங்கிருந்து 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் வெளிவந்தது. அதே சுரங்கத்தின் ஆழத்தில், தங்கத்தைவிடத் தேடற்கு அரிய ஒன்றையும் அறிவியலாளர் தேடினர். அதனைத் தராசில் நிறுக்க இயலாது. கையில் எடுக்கவும் இயலாது. அது யாது? அதனைத் தேட ஏன் பூமிக்கடியில் செல்ல வேண்டும்? இப்பாடம் இவ்வினாக்களுக்கு விடை கூறுகிறது.

பொன்னணுவின் உள்ளே

ஒரு குன்றிமணி அளவு தங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதனை வெட்டி வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டே போனால், தங்கம் என்னும் தன்மை மாறாமல் எஞ்சும் மிகச் சிறிய கூறு தங்க அணு ஆகும். அந்த அணுவிற்குள்ளும் உறுப்புகள் உண்டு.

1897இல் ஜே. ஜே. தாம்சன் என்னும் ஆங்கில அறிஞர் எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானைக் கண்டறிந்தார். 1911இல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே அணுக்கரு உள்ளது என்று விளக்கினார். அவ்விளக்கத்திற்கு அடிப்படையாக அமைந்த சோதனையில் பயன்பட்ட பொருள் மிக மெல்லிய தங்கத் தகடே. தகட்டின் மீது செலுத்தப்பட்ட துகள்களுள் பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவிச் சென்றன. மிகச் சில மட்டும் மோதித் திரும்பின. எனவே அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்பதும், அதன் நிறை ஏறத்தாழ முழுவதும் நடுவில் ஒரு சிறு கருவாகச் செறிந்துள்ளது என்பதும் விளங்கின. ஒரு தங்க அணுவை 100 மீட்டர் அகலமுள்ள விளையாட்டுத் திடலாகப் பெருக்கிப் பார்த்தால், அதன் அணுக்கரு திடலின் நடுவே கிடக்கும் ஒரு மிளகின் அளவே இருக்கும்.

அணுக்கருவில் இருவகைத் துகள்கள் உள்ளன. நேர் மின்னூட்டம் கொண்டது புரோட்டான். மின்னூட்டம் அற்றது நியூட்ரான். இதனை 1932இல் சாட்விக் கண்டறிந்தார். தங்க அணுவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் உள்ளன. கருவைச் சூழ்ந்து 79 எலக்ட்ரான்கள் உள்ளன. புரோட்டான்களின் எண்ணிக்கையே ஒரு தனிமத்திற்கு அதன் பெயரைத் தருகிறது. 79 புரோட்டான்கள் இருந்தால் அது தங்கம். ஒன்று கூடி 80 ஆனால் அது பாதரசம்.

எலக்ட்ரானைவிடப் புரோட்டான் ஏறத்தாழ 1,836 மடங்கு நிறை மிக்கது. எலக்ட்ரானை இதற்குமேல் பகுக்க இயலாது என்றே இன்றுவரை கருதப்படுகிறது. புரோட்டானும் நியூட்ரானும் அவ்வாறானவை அல்ல. அவை குவார்க்குகள் என்னும் இன்னும் நுண்ணிய துகள்களால் ஆனவை. மேல் குவார்க்கு இரண்டும் கீழ்க் குவார்க்கு ஒன்றும் சேர்ந்தது புரோட்டான்; மேல் குவார்க்கு ஒன்றும் கீழ்க் குவார்க்கு இரண்டும் சேர்ந்தது நியூட்ரான்.

வானிலிருந்து பொழியும் துகள்கள்

இயற்கையில் உள்ள துகள்கள் இவ்வளவுதானா? இல்லை. விண்வெளியிலிருந்து மிகுந்த ஆற்றலுடன் வரும் துகள்கள் நம் வளிமண்டலத்தை ஓயாமல் தாக்கிக்கொண்டிருக்கின்றன. இவற்றைக் காஸ்மிக் கதிர்கள் என்பர். அவை காற்றில் உள்ள அணுக்கருக்களுடன் மோதும்போது புதிய துகள்கள் பல தோன்றுகின்றன. அவற்றுள் இரண்டினை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது மியூவான். இது மின்னூட்டத்தில் எலக்ட்ரானை ஒத்தது. நிறையில் அதனைவிட ஏறத்தாழ 207 மடங்கு மிக்கது. உங்கள் உள்ளங்கையை விரித்து வானை நோக்கிக் காட்டுங்கள். நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் அதன் ஊடே கடந்து செல்கிறது. நாம் அதனை உணர்வதில்லை.

இரண்டாவது நியூட்ரினோ. இதற்கு மின்னூட்டம் இல்லை. நிறையும் இல்லை என்று சொல்லத்தக்க அளவு குறைவு. 1930இல் பவுலி என்னும் அறிஞர், இத்தகைய துகள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று கணக்கின் வழியே ஊகித்தார். 1956இல் ரெய்ன்சு, கோவன் என்னும் இருவர் அமெரிக்காவில் ஓர் அணு உலையின் அருகே அதனை முதன்முதலாகக் கண்டறிந்தனர். சூரியனிலிருந்து மட்டும் உங்கள் விரல் நகத்தளவு இடத்தின் வழியாக நொடிக்குப் பல ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் பாய்கின்றன. அவை பூமியையே துளைத்து மறுபுறம் வெளியேறிவிடும். கோடானுகோடியில் ஒன்றே எப்போதாவது ஓர் அணுக்கருவுடன் மோதும்.

காஸ்மிக் கதிர்களால் நம் வளிமண்டலத்திலும் நியூட்ரினோக்கள் பிறக்க வேண்டும் என்பதை அறிவியலாளர் அறிந்திருந்தனர். ஆயினும் 1965 வரை எவரும் அவற்றைக் கண்டதில்லை. நிலத்தின் மேல் கருவியை வைத்தால் மியூவான்கள் மழைபோல் பொழிகின்றன. திருவிழாக் கூட்டத்தின் பேரிரைச்சலில் ஒருவர் மெல்ல முணுமுணுப்பதைக் கேட்க முடியுமா? முதலில் இரைச்சல் அடங்க வேண்டும்.

பாறையே சல்லடை

இரைச்சலை அடக்கும் வழியைத் தங்கவயல் தந்தது. மியூவான் பாறையின் ஊடே செல்லும்போது சிறிது சிறிதாகத் தன் ஆற்றலை இழந்து, இறுதியில் நின்றுவிடும். நியூட்ரினோவையோ பாறை தடுப்பதில்லை. ஆகவே பாறை ஒரு சல்லடையாகிறது. மியூவான் மேலே தங்கிவிடுகிறது. நியூட்ரினோ கீழே வருகிறது.

மும்பையில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவிய ஓமி பாபா இந்த வாய்ப்பை முன்னரே உணர்ந்திருந்தார். அவருடைய தூண்டுதலால் பி. வி. ஸ்ரீகண்டன் என்னும் இளம் ஆய்வாளர் 1951இல் தங்கவயலுக்கு வந்தார். மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டில் பிறந்த அவர், சுரங்கத்தின் வெவ்வேறு ஆழங்களில் கருவிகளை வைத்து மியூவான்களை எண்ணினார். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்தது. 1960களின் தொடக்கத்தில் 2,700 மீட்டருக்கும் கீழே கருவி வைக்கப்பட்டபோது, வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒரு மியூவான் கூடப் பதிவாகவில்லை.

எதுவும் கிட்டாத ஆய்வு தோல்வி என்று தோன்றலாம். ஆய்வாளர்களுக்கோ அது பெருமகிழ்ச்சி தந்தது. உலகில் இவ்வளவு அமைதியான இடம் கிடைத்தது அரிது. இங்கே கருவியில் ஏதேனும் பதிவாகுமானால், அது நியூட்ரினோவின் செயலாக இருக்க வாய்ப்பு மிகுதி என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

எட்டாத துகள் எட்டியது

டாட்டா நிறுவனம், ஜப்பானின் ஓசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கைகோத்தன. எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகண்டன், வி. எஸ். நரசிம்மம், பி. வி. இரமணமூர்த்தி, மியாகே, உல்ஃபெண்டேல் முதலியோர் இக்குழுவில் இருந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் அமைக்கப்பட்டன. தங்கவயலின் பாறை நீரைப்போல் மூன்று மடங்கு அடர்த்தியானது. எனவே கருவிகளின் தலைக்குமேல் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஆழமுள்ள கடல் இருந்ததற்கு ஒப்பாகும்.

ஆய்வாளர்களின் உத்தி எளியது, ஆனால் நுட்பமானது. மேலிருந்து இவ்வளவு ஆழத்திற்கு வந்து சேரும் ஓரிரு மியூவான்கள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் கீழ்நோக்கியே வரும். பக்கவாட்டில் ஒரு மியூவான் வர வேண்டுமாயின் அது பல கிலோமீட்டர் கூடுதலாகப் பாறையைக் கடக்க வேண்டும், அது இயலாது. ஆகவே பக்கவாட்டில் வரும் மியூவான், அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியதனால் அங்கேயே பிறந்ததாக இருக்க வேண்டும். அதனால் கருவிகளைச் சுவர்போல் எதிரெதிரே நிறுத்தினர். துகள் பட்டால் ஒளிரும் நெகிழித் தகடுகள் சுவர்களாயின. இடையே துகளின் தடத்தைக் காட்டும் நியான் குழாய்களும் ஈயத் தகடுகளும் இருந்தன.

பின்னர் காத்திருந்தனர். நாள்கள் கடந்தன, வாரங்கள் கடந்தன. 1965இல் பக்கவாட்டில் சென்ற தடம் பதிவாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அறிவியல் இதழில் வெளியான அறிக்கையில் இடம்பெற்ற நிகழ்ச்சிகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ மனிதனின் கருவியில் அகப்பட்டது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில் ரெய்ன்சு தலைமையிலான குழுவினரும் இதனைக் கண்டனர். தங்கவயலின் அறிக்கை சில நாள்கள் முன்னதாக அச்சேறியது.

புரோட்டானுக்கு அழிவு உண்டா?

தங்கவயலில் எழுந்த அடுத்த வினா இன்னும் ஆழமானது. உங்கள் உடல், இந்தப் புத்தகம், பாறை, பொன் ஆகிய அனைத்தும் புரோட்டான்களைக் கொண்டவை. புரோட்டான் என்றும் நிலைத்திருக்குமா, அன்றி அதுவும் ஒருநாள் சிதையுமா? சிதையும் என்றால் பொருளுலகம் முழுவதும் என்றேனும் ஒருநாள் கரைந்துபோகும்.

1970களில், புரோட்டானும் சிதையக்கூடும் என்னும் கொள்கைகள் தோன்றின. ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும் பாகிஸ்தானைச் சேர்ந்த அப்துஸ் சலாமும் இணைந்து வகுத்த கொள்கை அவற்றுள் ஒன்று. புரோட்டானின் சராசரி வாழ்நாள், 1ஐத் தொடர்ந்து 30 சுழியங்கள் இட்டு எழுதும் எண்ணை ஒட்டிய ஆண்டுகளாக இருக்கலாம் என்று அக்காலத்துக் கணக்குகள் கூறின. பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தாம். அவ்வாறாயின் ஒரு புரோட்டானின் முடிவை யார் காத்திருந்து காண்பது?

இங்கு ஒரு வழி உண்டு. ஒரு புரோட்டானைக் கோடானுகோடி ஆண்டுகள் நோக்குவதற்கு மாறாக, கோடானுகோடிப் புரோட்டான்களை ஓர் ஆண்டு நோக்கலாம். 1980இல் தங்கவயலின் ஆழத்தில் 140 டன் எடையுள்ள கருவி ஒன்று செயற்படத் தொடங்கியது. இரும்புத் தகடுகளும், துகள்களை உணரும் ஏறத்தாழ 1,600 குழாய்களும் 34 அடுக்குகளாக அதில் அமைந்திருந்தன. அவ்வளவு இரும்பில் அடங்கிய புரோட்டான், நியூட்ரான்களின் எண்ணிக்கை, 8ஐத் தொடர்ந்து 31 சுழியங்கள் இட்டு எழுதும் எண்ணை ஒட்டியது. அவற்றின் சராசரி வாழ்நாள் 1ஐத் தொடர்ந்து 31 சுழியங்கள் கொண்ட ஆண்டுகளாக இருந்தால், ஓர் ஆண்டில் ஏறத்தாழ எட்டுச் சிதைவுகளை எதிர்பார்க்கலாம். இத்தனை பெரிய அளவில் புரோட்டான் சிதைவைத் தேடத் தொடங்கிய முதல் ஆய்வுகளுள் இது ஒன்று. 1980களின் நடுவில் இதனினும் பெரிய இரண்டாம் கருவியும் நிறுவப்பட்டது.

சிதைவுபோல் தோன்றிய சில நிகழ்ச்சிகளை ஆய்வாளர் கண்டு, உலகிற்கு அறிவித்தனர். ஆயினும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அமைந்த மேலும் பெரிய கருவிகள் அதனை உறுதிசெய்யவில்லை. இன்றுவரை எங்கும் ஒரு புரோட்டான் சிதைந்தது என்று மெய்ப்பிக்கப்படவில்லை. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்வகத்தின் முடிவுப்படி, எதிர்பார்க்கப்பட்ட முதன்மைச் சிதைவு முறையில் அதன் வாழ்நாள் 1ஐத் தொடர்ந்து 34 சுழியங்கள் கொண்ட ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ‘கண்டோம்’ என்று சொல்வதைப்போலவே, ‘தேடினோம், இதுவரை கிட்டவில்லை’ என்று சொல்வதும் அறிவியலில் ஓர் உண்மையே. அதனால் பல கொள்கைகள் திருத்தப்பட்டன.

தங்கவயலில் அகப்பட்ட வளிமண்டல நியூட்ரினோவும் வீண்போகவில்லை. 1998இல் சூப்பர் கமியோகாண்டே ஆய்வாளர்கள் அதே வகை நியூட்ரினோக்களை நோக்கி, அவை ஒரு வகையிலிருந்து மற்றொரு வகையாக மாறுகின்றன என்று காட்டினர். மாற வேண்டுமாயின் அவற்றுக்கு நிறை இருந்தாக வேண்டும். இக்கண்டுபிடிப்பில் பங்குகொண்ட கஜிட்டா, கனடாவின் மெக்டொனால்டுடன் 2015இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார்.

ஆழம் யாருடைய உழைப்பு?

ஆய்வாளர்களுக்குப் பாறையின் அமைதி தேவைப்பட்டது. அந்த ஆழத்தை அவர்கள் குடையவில்லை. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர்களும், தெலுங்கு, கன்னட நிலங்களிலிருந்து வந்தோரும் தலைமுறை தலைமுறையாகக் குடைந்த ஆழம் அது. அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தோர்.

ஒவ்வொரு நாளும் ‘கேஜ்’ எனப்படும் இரும்புக் கூண்டில் ஏறி அவர்கள் கீழே இறங்கினர். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. அதில் உயிரிழந்தோர் பலர். பாறைத் தூசியைச் சுவாசித்ததனால் நுரையீரல் நோயுற்றோரும் பலர். ஆய்வுக் கருவிகளும் அதே கூண்டுகளில்தான் பகுதி பகுதியாகக் கீழே சென்றன. அறிவியல் அறிக்கைகளின் தலைப்பில் ஆய்வாளர்களின் பெயர்கள் உள்ளன; அவ்வளவு ஆழத்திற்கு வழி அமைத்தவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

1992இல் தங்கவயலின் துகள் ஆய்வுகள் நிறைவுற்றன. பின்னர்ச் சுரங்கமும் மூடப்பட்டது. வேலையிழந்த குடும்பங்களைச் சேர்ந்தோர் பலர் இன்று விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஊரைச் சுற்றிச் சயனைடு கலந்த மண்மேடுகள் குன்றுகள்போல் நிற்கின்றன. ஆழ்சுரங்கங்களில் நீர் நிரம்பியுள்ளது.

மாணவர்களே! சொந்த ஊரை விட்டு வேலைக்காக வேற்றூர் சென்ற பெற்றோரின் பிள்ளைகள் நீங்கள். உங்களைப்போன்ற பிள்ளைகளின் பாட்டனாரும் கொள்ளுப்பாட்டனாரும் தங்கவயலில் கல்லை உடைத்தபோது, உலகின் மிக நுண்ணிய துகளுக்கு வாயில் திறக்கிறோம் என்பதை அறிந்திருக்கவில்லை. அவர்களுடைய உழைப்பின் மேல்தான் அந்த அறிவு நின்றது. இனி நியூட்ரினோ என்னும் சொல்லைப் படிக்கும்போது, அதனோடு சேர்த்து அவர்களையும் நினைவுகூர்வோம்.

அருஞ்சொற்பொருள்

செறிந்து – நெருக்கமாகத் திரண்டு
ஊடுருவி – உள்ளே புகுந்து கடந்து
தனிமம் – ஒரே வகை அணுக்களால் ஆன பொருள்
உத்தி – செயலைச் செய்து முடிக்கும் நுட்பமான வழி
தடம் – சென்ற வழியின் அடையாளம்
நெகிழி – பிளாஸ்டிக்
சுழியம் – பூச்சியம்
எஞ்சும் – மிஞ்சும்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தங்க அணுவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை ________.
2. நியூட்ரானைக் கண்டறிந்தவர் ________.
3. தங்கவயலில் வளிமண்டல நியூட்ரினோ கண்டறியப்பட்ட ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்பது எவ்வாறு தெரியவந்தது?
2. நியூட்ரினோவைத் தேடும் கருவியை நிலத்தின்மேல் ஏன் வைக்கவில்லை?
3. பக்கவாட்டில் வரும் மியூவானுக்கு ஆய்வாளர் ஏன் சிறப்பிடம் அளித்தனர்?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. ‘எதுவும் பதிவாகவில்லை’ என்னும் முடிவு ஆய்வாளர்களுக்கு ஏன் மகிழ்ச்சி தந்தது?
2. புரோட்டானின் வாழ்நாளை அறிய மேற்கொண்ட வழியை உம் சொற்களில் விளக்குக.

ஈ. கணக்கிட்டு அறிக.
மேல் குவார்க்கின் மின்னூட்டம் +2/3. கீழ்க் குவார்க்கின் மின்னூட்டம் –1/3. புரோட்டானில் உள்ள மூன்று குவார்க்குகளின் மின்னூட்டங்களைக் கூட்டுக. நியூட்ரானுக்கும் அவ்வாறே கூட்டுக. விடைகள் பாடத்தில் கூறியவற்றோடு பொருந்துகின்றனவா?

உ. பிரித்து எழுதுக.
1. அணுக்கரு 2. மின்னூட்டம் 3. பாறையடுக்கு 4. நிலத்தடி

ஊ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
1. வீண்போதல் 2. கைகோத்தல் 3. நினைவுகூர்தல்

எ. செயல்பாடு
உம் குடும்பத்தில் முதன்முதலாக ஊரை விட்டு வேலைக்குச் சென்றவர் யார்? எங்கே சென்றார்? என்ன வேலை செய்தார்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.